கறுப்பாய்ப் பார்த்து எடுத்த மண்

சேலத்து உரக்கடையில் இந்த மார்ச் மாதம் ஒரு லிட்டர் கறுப்புத் தண்ணீரை என் கையில் கொடுத்து, "இதை ஊத்துங்க, மூணே மாசத்துல மண்ணு கறுத்துரும்" என்றான் கடைக்காரன். டப்பாவின் மேல் ஹியூமிக் அமிலம் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற விவசாயி ஒருவரின் படம் போட்டிருந்தது. மண்ணைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற விவசாயியை நான் இதுவரை கண்டதில்லை.

"இது எதுல இருந்து எடுத்ததுங்க?" என்று கேட்டேன்.

"இயற்கைங்க. நூத்துக்கு நூறு இயற்கை."

"பழுப்பு நிலக்கரியைக் காரத்துல ஊறப்போட்டு எடுத்ததுன்னு சொல்லுங்க. அதுவும் இயற்கைதான்."

அவன் முகம் சுருங்கியது. பக்கத்தில் யூரியா வாங்க நின்றிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, டீச்சருங்களா?"

"இல்லைங்க. காப்பிக்காடு."

இவ்வளவும் பேசிவிட்டு அந்த டப்பாவை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஒரு லிட்டரால் இரண்டு ஏக்கர் மண் கறுக்காது என்று எனக்குத் தெரியும். மலை மண்ணில் இருக்க வேண்டிய மட்கின் எடைக்கு முன்னால் அந்த டப்பா ஒரு சொட்டு. தெரிந்தும் வாங்கினேன். என் நிலைமை அப்படி.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். ஐந்து வருடம் ஆகிறது. பொங்கலுக்கு வருவார், மே மாதத் திருவிழாவுக்கு வருவார், மகள் வீட்டு விசேஷம் என்றால் நேராக அங்கே வந்துவிட்டுப் போவார். இந்தப் பொங்கலுக்கு வந்தபோது கிளம்புகிற அன்றைக்குக் காலையில், சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரிசார்ட்டுக்காரன் மறுபடி போன் பண்ணினான். குத்தகைக்குக் கேக்கறான். காட்டேஜ் கட்டுவானாம். இந்த வருசம் மண்ண டெஸ்ட்டுக்குக் குடு புள்ள. தேறியிருந்தா வேலைய உட்டுட்டு வந்தர்றேன். இல்லீன்னா கையெழுத்துப் போட்டுட்டு நீயும் ஓசூருக்கு வந்துரு."

நிலம் அவர் பேரில் இருக்கிறது. அவருடைய அப்பா எஸ்டேட்டில் மருந்தடித்துச் சம்பாதித்து வாங்கிய இரண்டு ஏக்கர். எனக்கு ஓசூர் வேண்டாம். எனக்கு அவர் இங்கே வேண்டும். அவர் வருவதும் வராததும் ஒரு தாளில் அச்சாகி வரப்போகிற ஒரு சொல்லில் நின்றது. கரிமச் சத்து என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றில் ஒன்றைப் போடுவார்கள்.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். ஊர் குப்பனூர், மலை அடிவாரம். கல்யாணமாகி நாகலூருக்கு மேலே வந்த பிறகு அந்தப் படிப்பை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நான் குடுவை உடைத்ததுதான் அதிகம். ஆனால் ஒரு சோதனை மட்டும் மனதில் தங்கிவிட்டது. மண்ணைச் சலித்து எரிசோடாக் கரைசலில் போட்டுக் குலுக்கி வைப்போம். மறுநாள் பார்த்தால் மேலே நிற்கிற தண்ணீர் டிகாஷன் மாதிரி கறுத்திருக்கும். அதைத் தனியாக வடித்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கறுப்பு திரிதிரியாகத் திரண்டு அடியில் போய் உட்காரும். அதுதான் ஹியூமிக் அமிலம். மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்பது ஃபுல்விக் அமிலம். காரத்துக்கும் வராமல் அமிலத்துக்கும் வராமல் முதல் குடுவையிலேயே மண்ணோடு மண்ணாகக் கிடப்பதற்கு ஹியூமின் என்று பெயர்.

இலை விழுந்தால் மட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படி மட்கும் என்று பார்த்தால் அது லேசான வேலையில்லை. இலையில் இருக்கிற சர்க்கரையைப் பாக்டீரியா முதல் வாரத்திலேயே தின்றுவிடும். நாரைத் தின்னப் பூஞ்சை வர வேண்டும். மரத்தை மரமாக நிறுத்தி வைக்கிற லிக்னின் எளிதில் உடையாது. அது துண்டு துண்டாக உடையும்போது, தின்றவைகளும் செத்து அவற்றின் உடம்பும் அதோடு சேரும். இந்தச் சிதைவெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, களிமண் துகளைப் பிடித்துக்கொண்டு, கறுப்பாக நிற்கும். அதன் ஓரமெல்லாம் எதிர்மின்னூட்டம் உள்ள அமிலத் தொகுதிகள். சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். மழை கேட்டால் கொடுக்காது. வேர் கேட்டால் கொடுக்கும்.

எங்கள் மலைக்கு இது இல்லாமல் முடியாது. சேர்வராயன் மலையின் தலையில் பாக்சைட் இருக்கிறது. சிவப்பு மண், இரும்பும் அலுமினியமும் நிறைந்த மண். மழை அதிகம், அதனால் புளிப்பு அதிகம். புளிப்பு ஏற ஏற அலுமினியம் கரைந்து வந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். மட்கு இருந்தால் அலுமினியத்தைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும், வேர் பிழைக்கும். பஞ்சு மாதிரி தண்ணீரையும் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே மட்கு போனால் கீழே ஓடை மார்கழியிலேயே வற்றும். எங்கள் காட்டுக்குக் கீழே இருக்கிற ஓடை இப்போது அப்படித்தான் வற்றுகிறது. அதற்கு நான் பொறுப்பு.

அதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாகலூரில் மண் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஒரு வாரம் முன்பே ஆபீசர் வந்து வெள்ளைப் பை கொடுத்துவிட்டுப் போனார். காட்டில் பதினைந்து இடத்தில் குழி போட்டு, எல்லா மண்ணையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து, மறுபடி கலந்து, கடைசியில் அரைக் கிலோ கொண்டு வாருங்கள் என்று அவர் விளக்கமாகத்தான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்தோம்.

எங்கள் ஊர்ப்பக்கம் வெளியாள் வீட்டுக்கு வந்தால் ஆரஞ்சோ பலாச்சுளையோ நல்லதாகப் பார்த்துத்தான் கையில் கொடுப்பார்கள். சொத்தையை யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆபீசருக்கு மண் கொடுப்பதும் எங்களுக்கு அப்படித்தான் பட்டது. காப்பி வரிசைகளுக்கு நடுவே தொட்டில் குழி வெட்டியிருப்போம். ஓர் ஆள் படுக்கிற நீளம், முழங்கால் ஆழம். இலை, களை, கவாத்துக் கழிவு எல்லாம் அதில் விழும். மழைத்தண்ணீரும் அதில் நிற்கும். ஒரு வருடம் கழித்துத் தோண்டினால் உள்ளே மண் மை மாதிரி இருக்கும். ஊரே தொட்டில் குழிக்குள் இறங்கிவிட்டது.

முகாம் அன்றைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் அழகு பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"எங்குளுது பாருங்க, பொடியாட்ட இருக்குது."

"அது உங்க மாட்டுக்கொட்டாய் மண்ணு. சாணி வாசம் இங்க வரைக்கும் அடிக்குது. ஆபீசர் மூக்கைப் புடிக்கப் போறாரு."

"போடி, உன்னுது மட்டும்? காப்பித்தோலு கொட்ற எடத்துல அள்ளிட்டு வந்துட்டுப் பேசறா."

"அக்கா, நீங்க காட்டுங்க."

நான் காட்டினேன். என் பைதான் எல்லாவற்றிலும் கறுப்பு. மூன்று வருடம் திறக்காத குழியின் அடிமண். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒரே இடத்து மண் ஒரு காட்டின் மண் இல்லை. அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். தெரிந்தே, பக்கத்துக் காட்டுக்காரியை விட என் பை கறுப்பாக இருக்க வேண்டும் என்று நிரப்பினேன். அவ்வளவு அற்பமான காரணம்தான். வேறு எதுவும் இல்லை.

முடிவு வந்தது. கரிமச் சத்து: அதிகம். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதிகம். ஆபீசரே ஆச்சரியப்பட்டார். என் வீட்டுக்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார்.

"எங்க எடுத்த புள்ள?" என்று கேட்டார்.

"எல்லா இடத்துலயும்தானுங்க."

இந்த இரண்டு சொல்லையும் நான் எத்தனை முறை திரும்ப விழுங்கப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். பொய்யென்றுகூட அப்போது தோன்றவில்லை. ஒரு பெருமைக்குச் சொன்னது.

ஆபீசர் வந்து நிலத்தைப் பார்த்தார். மண் இவ்வளவு வளமாக இருந்தால் நிழல் இவ்வளவு அடர்த்தி வேண்டாம், வெயில் விழுந்தால் விளைச்சல் ஏறும், இலை உரத்துக்கு ஆள் வைத்துச் சாக வேண்டியதில்லை, ரசாயன உரமே போதும் என்றார். கையிலிருந்த தாளுக்கு அவர் சொன்னது சரியான யோசனைதான். தாள்தான் தப்பு. என் வீட்டுக்காரர் கல்யாண முருங்கையையும் பலாவையும் அத்தியையும் வெட்டினார். எட்டு நாள் வெட்டினார். வரிசைக்குச் சில்வர் ஓக் மட்டும் நிறுத்தி மிளகு ஏற்றினார். தொட்டில் குழிகளை மூடினார்.

முதல் இரண்டு வருடம் காப்பி கொப்பு ஒடிகிற மாதிரி காய்த்தது. அவர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. வெயில் பட்ட மண் சூடேறி, உள்ளே இருந்த நுண்ணுயிரெல்லாம் வெறிபிடித்த மாதிரி மட்கைத் தின்று, அதிலிருந்த நைட்ரஜனை வெளியே விட்டதால் வந்த காய்ப்பு அது. மண் தன்னையே தின்று எங்களுக்குப் போட்டது. மூன்றாம் வருடம் அடங்கியது. நான்காம் வருடம் ஐப்பசி மழையில் தண்ணீர் சிவப்பாக இறங்கியது. அதற்குப் பிறகு தண்டுத் துளைப்பான் வந்தது. வெயில் படுகிற செடியைத்தான் அந்தப் பூச்சி தேடி வரும். இலை மஞ்சளான செடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. உரம் போட்டோம். பிடித்து வைக்க ஆளில்லாத வீட்டில் கொட்டின மாதிரி அது ஓடைக்குப் போனது.

"இந்த மண்ணு என்னைய ஏமாத்திருச்சு புள்ள" என்றார் அவர், ஓசூருக்குப் பஸ் ஏறுகிற அன்றைக்கு. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், காட்டைப் பார்த்துச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு நான் குழி வெட்ட ஆரம்பித்தேன். முதல் மழைக்கு முன்னாலேயே கல்யாண முருங்கைப் போத்துகளை வெட்டி நட்டேன். சில்வர் ஓக் இலையைக் கூட்டிச் சேர்த்தேன். அது லேசில் மட்காது, தோல் மாதிரி கிடக்கும். அதோடு சாணியும் காப்பித்தோலும் பச்சைக் களையும் சேர்த்து மூடினேன். கூலிக்கு ஆள் வராத நாளில் நானே வெட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு குழி. கை காய்த்தது, இடுப்பு போனது. வெட்டி முடித்துக் குழி ஓரத்தில் உட்கார்ந்தால், எதிரில் அவர் மம்மட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அவர் குழி வெட்டினால் ஓரம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். நான் வெட்டினால் சரிந்துவிடும். சரிந்த மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே அவரைத் திட்டுவேன். திட்டுவதற்காவது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து வருடமாகக் காப்பிச் செடியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஏப்ரலில், டெஸ்ட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால், வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சோப்பு காய்ச்ச விற்கிற காஸ்டிக் சோடா, அதே எரிசோடாதான், கொஞ்சம் வாங்கி வைத்திருந்தேன். கண்ணாடிப் பாட்டில் மூன்றைக் கழுவி, ஒன்றில் வெயில் பட்டுச் செத்த மேட்டு மண், ஒன்றில் நான் ஐந்து வருடம் பாடுபட்ட வரிசை மண், இன்னொன்றில் தொட்டில் குழி மண் போட்டுக் கரைசல் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலையில் மேட்டு மண் பாட்டில் வெளிறிய டீ. குழி மண் பாட்டில் கெட்டி டிகாஷன். நடுப் பாட்டில் டீக்கும் டிகாஷனுக்கும் நடுவே, டீப் பக்கமாக நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரி உள்ளே வந்தாள். பன்னிரண்டு வருடம் முன்னால் காப்பித்தோல் மண்ணை அள்ளி வந்தவள் இவள்தான். வந்தவள் குழி மண் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள்.

"யாருக்குக்கா இத்தன டிகாசன்? நொம்பக் கெட்டியால்ல இருக்குது."

"வெச்சுரு! வாயில பட்டா கொடல் வெந்துரும்!"

அவள் பதறி வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஊட்டுக்கு வந்தவளுக்கு ஒரு காப்பி குடுக்க மனசில்லீன்னா நேராச் சொல்லோணும். அதுக்குன்னு வெசத்தைக் காட்டியா மெரட்டுவீங்க?"

காப்பி போட்டுக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். தாளில் நல்லது வந்தால் அவர் வருவார், இல்லையென்றால் நிலம் ரிசார்ட்டுக்குப் போகும் என்றேன். அவள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு மூன்று பாட்டிலையும் பார்த்தாள்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்குது? கடைசிப் பாட்டிலு மண்ண அள்ளிப் பையில போடுங்க. அண்ணன் அடுத்த பஸ்ஸுல வந்து எறங்குவாரு. வந்தப்பறம் மண்ணையா பாக்கப் போறாரு?"

"வாய மூடிட்டுக் காப்பியக் குடி."

"நாஞ் சொன்னதுல தப்பென்ன? அன்னிக்கி எல்லாருந்தான் போட்டோம்."

அவளுக்கு அது ஒரு விளையாட்டு. அவள் புருஷன் மரம் வெட்டவில்லை. வெட்டச் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம் அவர்கள் காட்டைக் காப்பாற்றியது. இன்றைக்கும் அவர்கள் காட்டில் கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். பொறாமையில்தான் சொல்கிறேன்.

மறுநாள் பையையும் மம்மட்டியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனேன். முதலில் தொட்டில் குழியிடம்தான் போனேன். மறைக்க மாட்டேன். ஒரு கை அள்ளினேன். மண் கையில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. பையின் வாயை விரித்தும் பிடித்தேன். அவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதும், பையை வாசலில் எறிவதும், "சோறு இருக்குதா?" என்று கேட்பதும் எல்லாம் அந்த ஒரு கை மண்ணில் இருந்தது. அவர் வந்த பிறகு இந்த மண்ணை நம்பி என்ன வெட்டுவார், எதை மூடுவார் என்று யோசித்தேன். மண்ணைக் குழியிலேயே போட்டேன். மேட்டில் ஆரம்பித்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து குழி போட்டேன். கலந்தேன், நாலாகப் பிரித்தேன், கலந்தேன். கடைசியில் பையில் விழுந்தது காவி நிறத்தில் இருந்தது. அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

மே மாதக் கடைசியில் தாள் வந்தது. கரிமச் சத்து: குறைவு. நடுத்தரத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது, ஆனால் கட்டத்தில் பக்கத்தில் என்று ஒரு சொல் கிடையாது.

திருவிழாவுக்கு லீவு கிடைக்காமல் அவர் அந்த மாதம் வரவில்லை. சாயங்காலம் போனில் படித்துக் காட்டினேன்.

"அஞ்சு வருசம் மாடாட்ட ஒழைச்சு இதானா?" என்றார். "அன்னிக்கி அதிகம்னு வந்துச்சு. மூணு வருசத்துல எங்க போச்சு? எப்பேர்ப்பட்ட மண்ணு புள்ள இது? இதக் கட்டிட்டு அழுவறதுக்கு அவங்கிட்டக் குடுத்தரலாம்."

"அன்னிக்கி அதிகம் இல்லைங்க."

"என்ன?"

"அன்னிக்கும் நடுத்தரமாத்தான் இருந்திருக்கும். நான் குழி மண்ண மட்டும் போட்டேன். எல்லா இடத்துலயும் எடுத்தேன்னு சொன்னது பொய்யுங்க."

போனில் லாரி ஹாரன் கேட்டது. கேட் இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் டூட்டியில் இருந்திருக்கிறார். லாரி உள்ளே போய், கேட்டை மூடிவிட்டு வந்து பேசினார்.

"நான் மரம் வெட்டினப்ப நீ எட்டு நாளும் காட்டுக்குச் சோறு கொண்டாந்து குடுத்தியே புள்ள."

"ஆமாங்க."

"மரத்தடியிலதான் உக்காந்து தின்னேன். நீ பக்கத்துல உக்காந்து பரிமாறுன."

"ஆமாங்க."

போன் கட்டாகிவிட்டது. நான் பண்ணினால் எடுக்கவில்லை. பத்து நாள். இந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பேசாமல் இருந்ததில்லை. டூட்டி முடிந்து அறைக்குப் போகிற வழியில் இரண்டு நிமிடமாவது பேசுவார். என்ன குழம்பு என்பார், மழை உண்டா என்பார். அந்தப் பத்து நாளில் அவர் நிஜமாகவே ஊரில் இல்லை என்பது எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

பதினோராம் நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். காப்பி வேண்டாம் என்றார். "மம்மட்டி எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு புதுப் பையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மண் பரிசோதனைக்குக் கொடுக்கிற அதே வெள்ளைப் பை. வருகிற வழியில் வாங்கியிருக்கிறார். நான் பின்னாலேயே போனேன். மேட்டில் ஒரு குழி போட்டார்.

"மேலால கெடக்கற சருகை ஒதுக்கிட்டுப் போடுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ அக்கட்டால நில்லு. பைகிட்ட வராத."

நின்றேன். கோபம் வந்தது. என் கோபத்துக்கு அங்கே இடமில்லை என்பதும் தெரிந்தது. பதினைந்து குழியையும் அவரே போட்டார். ஐந்து வருடம் மம்மட்டி பிடிக்காத உடம்பு, ஏழாவது குழியிலேயே மூச்சு வாங்கியது. தண்ணீர் நீட்டினேன், வாங்கிக் குடித்தார். நான் நட்ட முருங்கைக்கு அடியில் வெட்டியபோது மட்டும் நிறுத்தினார். அங்கே மேல்மண் நாலு விரல் தடிமனுக்குக் கறுத்திருந்தது. விரலால் அளந்து பார்த்தார்.

"இது எத்தன வருசம்?"

"அஞ்சு."

"பழையபடி ஆவறதுக்கு?"

"நம்ம காலத்துல ஆகாதுங்க."

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி ஒரு தடவை கெட்டது போதும். அவர் மம்மட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார்.

மதியம் சாப்பிட்டார். நிறையச் சாப்பிட்டார். ஹியூமிக் அமில டப்பா அடுப்படி மூலையில் இருப்பதைப் பார்த்து, "இதுக்கும் காசு குடுத்தியா?" என்று கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் என்னைக் கிண்டல் செய்தது அன்றைக்குத்தான். நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். சேலத்தில் இறங்கி மண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறேன், முடிவு என் போனுக்கு வரும் என்றார்.

"கையெழுத்துங்க?"

"உன்ர தாளை நம்பி எதும் பண்ண மாட்டேன். என்ர தாளு வரட்டும்."

ஒரே மண், ஒரே முடிவுதான் வரும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் சிலர், ஹியூமிக் அமிலம் என்று ஒன்று மண்ணில் தனியாக இருப்பதே இல்லை என்கிறார்கள். காரத்தை ஊற்றிப் பிரிக்கிறபோதுதான் அது அப்படி உருவாகிறது, மண்ணுக்குள் இருப்பதெல்லாம் பாதி மட்கியதும் முக்கால் மட்கியதும் களிமண்ணோடு ஒட்டிக் கிடப்பதும்தான் என்று போனில் படித்தேன். படித்தபோது எரிச்சலாக இருந்தது. மூன்று வருடம் படித்ததில் மிஞ்சியிருந்த ஒன்றையும் இல்லை என்கிறார்களே என்று. பிறகு யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. பிரித்து வைத்துப் பெயர் சொல்ல முடியாது. சேர்ந்து கிடக்கிற வரைக்கும்தான் அது தண்ணீரைப் பிடிக்கும், சத்தைப் பிடிக்கும்.

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. தினமும் பேசுகிறார். என்ன குழம்பு என்கிறார், மழை உண்டா என்கிறார். மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. முடிவு வந்ததா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் ரிசார்ட்டுக்காரனின் புரோக்கர் எனக்குப் போன் பண்ணிச் சண்டை பிடித்தான். "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு இப்ப வேண்டாம்னுட்டாருங்க. நீங்கதான் கெடுத்து உட்டீங்களா?"

"எப்பச் சொன்னாரு?"

"பத்து நாளாச்சுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். பத்து நாளாக என்னிடம் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். திட்ட வேண்டும் போலிருந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. வேலையையும் விடவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வாரோ என்னவோ, கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. பொய் சொன்னவள் கேட்க முடியாது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவர் வாயில் வர மாட்டேன் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம்.

மழை பிடித்துவிட்டது. காலையில் வரிசையில் முருங்கைக் கிளைகளைக் கழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேலி வரைக்கும் போய்ப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை. பார்த்துவிட்டுத் திரும்பும்போது பக்கத்துக் காட்டுக்காரி, "இன்னிக்கும் இல்லீங்களாக்கா?" என்று கேட்கிறாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். இப்போது கேலி இல்லாமல் கேட்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.